தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போகும் பெண்கள்

சென்ற மாதத்தின் கடைசி வாரத்தில், ஆறு மாதக் கர்ப்பிணி ஒருவரை இரவு பதினொரு மணிக்கு மேல் ஆட்டோவில் அழைத்து வந்தார்கள். தூக்கிப் போடும் குளிர், 103 டிகிரி காய்ச்சல். வலது விலாவுக்குக் கீழே முதுகுப்புறம் விரலை வைத்தாலே துடித்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வயிறு இறுகிக்கொண்டிருந்ததால், குறைமாதத்தில் வலி கண்டுவிட்டது என்று அஞ்சியே மாமியார் அழைத்து வந்திருந்தார். சிறுநீரைப் பரிசோதித்ததும் காரணம் தெரிந்துவிட்டது. சிறுநீர்ப்பையில் தொடங்கிய தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. ஊசி மருந்தின் பலனாக வயிற்று இறுக்கம் மறுநாளும், காய்ச்சல் மூன்றாம் நாளும் அடங்கின.

நீர்க்கடுப்பு எத்தனை நாளாக இருந்தது என்று கேட்டேன். "பத்து நாளா இருக்கு மேடம், சூடுன்னு நெனச்சேன்" என்றார். கால் பெருவிரல் நகத்தில் பூசிய சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பார் என்ற கேள்விக்குக் காலையில் ஒரு டம்ளர் காபி, பிறகு இரவு வீட்டுக்கு வந்துதான் என்று பதில் வந்தது. அவர் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வர முடியும். பணியாளர்களுக்கான கழிப்பறை மொட்டைமாடியில் இருக்கிறது. லிஃப்டில் வாடிக்கையாளர்கள் மட்டுமே ஏறலாம். போவதற்கு முன் தளத்தின் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். அந்த மேற்பார்வையாளர் ஓர் ஆண். ஒரே மாதத்தில் இதே கதையோடு என்னிடம் வந்த நான்காவது பெண் இவர் என்பதால்தான், ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருமுறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இருபது ஆண்டுகளாக மகளிர் மருத்துவம் பார்க்கும் எனக்கு நோயைவிட அதிக எரிச்சல் தருவது அதைப் பற்றிய ஒரு நம்பிக்கை. சூடு என்று சொல்பவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம்; உடம்பில் நீர் வற்றிப்போனதைத்தான் அந்தச் சொல் அரைகுறையாகக் குறிக்கிறது. ஆனால் படித்த பெண்கள், ஆசிரியைகள், கணினி நிறுவனங்களில் பணிபுரிபவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியம் வேறு: "வெளியில டாய்லெட் போனேன் டாக்டர், இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சு." என்றைக்குப் போனீர்கள் என்று கேட்டால், மூன்று வாரத்துக்கு முன் ஒரு நெடுஞ்சாலை உணவகத்தில் என்பார்கள். அதற்கு முன்னும் பின்னும் நாள்தோறும் எட்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்ததை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது எந்தப் பேருந்து நிலையத்திலிருந்தும் உங்களைத் தொடர்ந்து வருவதில்லை. உங்கள் குடலிலேயே குடியிருப்பது. பெண்ணின் சிறுநீர்க்குழாயின் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான்; ஆணுக்கு அது 20 சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும். ஆசனவாயும் அருகிலேயே இருப்பதால் அந்தக் கிருமிகள் அவ்வப்போது உள்ளே ஏறத்தான் செய்யும். ஏறியதைக் கழுவி வெளியே தள்ளுவது சிறுநீரே. தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் கழுவுதல் நின்றுபோகிறது. இருக்கையில் தொடையின் தோல் படுவதால் கிருமி சிறுநீர்க்குழாய்க்குள் போய்விடாது. இருக்கைக்கும் அந்த இடத்துக்கும் தொடர்பே இல்லை. இந்திய முறைக் கழிப்பறையிலோ பாதத்தைத் தவிர எதுவும் படுவதில்லை. இருக்கையைத் தொடாமல் அந்தரத்தில் அரைகுறையாகக் குந்துபவர்களுக்குச் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகக்கூடும் என்பது தனிச் செய்தி. கைப்பையில் வைத்துக்கொள்ளும் இருக்கை ஸ்ப்ரேக்கள் இப்போது நன்றாக விற்கின்றன. நகராட்சி செய்யாத வேலையை ஒரு பெண் தன் சொந்தக் காசில் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. நீர்க்கடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதனால் அழுக்கான கழிப்பறையைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கிருந்து கைவழியாக வயிற்றுக்குப் போகும் கிருமிகள் உண்டு. பாசி பிடித்த வாளித் தண்ணீரில் கழுவுவதும் நல்லதன்று. ஆனால் அழுக்குக் கழிப்பறை செய்யும் மிகப் பெரிய கேடு, அது பெண்ணை உள்ளே வரவிடாமல் தடுப்பதுதான். ஆணுக்குச் சுவர் இருக்கிறது. பெண்ணுக்கு இருப்பது அடக்குவதும், அடக்க வேண்டியிராதபடி குடிக்காமலிருப்பதும் மட்டுமே. மாதவிடாய் நாட்களில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய நாப்கினைக் காலையிலிருந்து இரவுவரை வைத்திருந்து, தொடை இடுக்கெல்லாம் புண்ணாகி வருபவர்களையும் பார்க்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். மாற்றப் போன இடத்தில் தாழ்ப்பாள் இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, பையை மாட்ட ஓர் ஆணிகூட இல்லை.

அந்த ஆணியைப் பற்றி ஒரு பொறியாளரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் ஒருநாள் புடவை கட்டி, தோளில் கைப்பையும் கையில் ஒரு குழந்தையுமாக, ஈரத் தரையில் ஒரு கையால் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு குந்திப் பார்க்க வேண்டும். கழிப்பறைகளைக் கட்டுபவர்கள் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். உள்ளே விளக்கு எரிகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, மாலை ஆறு மணிக்குப் பிறகு பூட்டுத் திறந்திருக்கிறதா என்பதைப் பயன்படுத்துபவர்கள் பார்க்கிறார்கள். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போய்வருகிறார்கள். என் நோயாளிகளில் பலர் அதனால்தான் வேலைக்கே போகிறார்கள். அப்படிக் கட்டணமின்றி வந்து இறங்கும் பூக்காரம்மா, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடத்தில் ஒவ்வொரு முறையும் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. நான்கு முறை போனால் ஒரு முழம் பூவின் லாபம் போய்விடுகிறது என்று அவர் கணக்குச் சொன்னார். அதனால் ஒரு முறைதான் போகிறார்.

சட்டம் இல்லாமலில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19ஆம் பிரிவு, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்றும், அது வெளிச்சத்தோடும் காற்றோட்டத்தோடும் எந்நேரமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றும் அப்போதே சொன்னது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் பி. விஜியின் தலைமையில் திரண்டபோது முதலில் கேட்டது கழிப்பறையைத்தான். வேலை நேரத்தில் உட்காரும் உரிமைக்கான குரல் அதிலிருந்து வளர்ந்து, 2018இல் கேரளத்தில் சட்டத் திருத்தமானது. தமிழ்நாடும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திப் பணியாளர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. என் நோயாளியின் கடையிலும் முக்காலி போட்டிருக்கிறார்களாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், எல்லா நீதிமன்ற வளாகங்களிலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்குக் கழிப்பறை அமைக்க உத்தரவிட்டு, அதை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்த்துப் பேசியது. நீதிமன்றத்துக்குள்ளேயே கழிப்பறைக்காக வழக்குப் போட வேண்டியிருந்த நாட்டில், ஜவுளிக்கடையின் மூன்றாம் தளத்தில் நிற்கும் பெண் யாரிடம் போய்க் கேட்பார்?

அவர் கையில் இருப்பதைச் சொல்கிறேன். விழித்திருக்கும் நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது, உந்துதல் இல்லாவிட்டாலும் போய்விடுங்கள். காலையில் கிளம்பும்போது தண்ணீரை மொத்தமாகக் குடிக்காமல், நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதிய அளவு குடிக்கிறீர்கள் என்று பொருள். முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். அந்தரங்கத்தைக் கழுவுவதற்கென்று விற்கும் வாசனைத் திரவங்கள் வேண்டவே வேண்டாம். அவசரத்துக்குப் பெட்ரோல் பங்கில் நிறுத்துங்கள். அங்கே சுத்தமான கழிப்பறை வைத்திருப்பது எண்ணெய் நிறுவனங்களின் சொந்த விதி, சாவியைக் கேட்டு வாங்கக் கூச்சம் தேவையில்லை. நாப்கினைத் தாளில் சுற்றித் தொட்டியில் போடுங்கள். அதைக் கோப்பைக்குள் திணித்துவிட்டு வருபவர்களும் பெண்கள்தான்; அடைத்துக்கொண்டதை வெறுங்கையால் எடுப்பவரும் ஒரு பெண்தான், அவரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டாதீர்கள்.

எரிச்சல் தொடங்கினால் மருந்துக்கடையில் கை நீட்டி மூன்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வராதீர்கள். அது அரைகுறையாகக் கொன்ற கிருமியோடுதான் அடுத்த முறை நான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. எரிச்சலைத் தணிக்கும் சிரப் எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. மாத்திரை போடும் முன் சிறுநீரைக் கொடுங்கள். கர்ப்பிணிகள், நீரிழிவு உள்ளவர்கள், காய்ச்சலோ முதுகுவலியோ சேர்ந்தவர்கள் ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். கர்ப்பிணிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேர்வரை எந்த அறிகுறியும் இல்லாமலே சிறுநீரில் கிருமியைச் சுமக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கத்தான் முதல் பரிசோதனையிலேயே ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுக்கிறோம். தயவுசெய்து அதை வெறுமனே திருப்பித் தராதீர்கள்.

அந்தப் பெண் வீட்டுக்குப் போகும் நாளில் மருந்துச் சீட்டோடு ஒரு கடிதமும் கேட்டார். இவர் கர்ப்பமாக இருப்பதாலும் சிறுநீரகத் தொற்றுக்குச் சிகிச்சை பெற்றிருப்பதாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குச் செல்ல அனுமதிக்க வேண்டும் என்று எழுதி, கையொப்பமிட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தேன். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது, பிரசவம்வரை அனுமதி கிடைத்திருப்பதாகவும் லிஃப்டில்கூடப் போகலாம் என்றும் சொன்னார். அவருடன் அதே கடையில் வேலை செய்யும் இருவர் வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் அதே போன்ற கடிதம் வேண்டுமாம். இருவரும் கர்ப்பிணிகள் அல்லர், இருவருக்கும் இப்போது நோயும் இல்லை. காரணம் என்ற இடத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.