சைசிங்: இழைப்பூச்சு

ஈரோடு, பள்ளிபாளையம் பக்கம் ‘சைசிங்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. பாவு நூல் தறியில் அறுந்துவிடாமல் இருக்கக் கஞ்சி ஏற்றி உலர்த்தும் வேலை அது. அதற்கென்றே தனி மில்கள் உண்டு. பிளாஸ்டிக்குக்கு வலுவூட்டக் கலக்கும் கண்ணாடி இழையைச் செய்யும் தொழிலும் இந்தச் சொல்லை நெசவிலிருந்துதான் எடுத்துக்கொண்டது.

அளவைக் குறிக்கும் ‘சைஸ்’, பசையைக் குறிக்கும் ‘சைஸ்’ இரண்டும் பழைய பிரெஞ்சின் ‘அசீஸ்’ என்ற ஒரே சொல்லில் பிறந்திருக்கலாம் என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். உறவு இருக்கட்டும், அதற்காக இதை ‘அளவிடல்’ என்று தமிழாக்குவது அபத்தம்.

உருகிய கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்த கையோடு, உருளை வழியாக ஒரு நீர்க்கலவையைப் பூசுகிறார்கள். உலர்ந்த பின் அதன் எடை பெரும்பாலும் ஒரு சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். இழைகளைச் சேர்த்துக் கட்டும் படலப்பொருள், உராய்வைக் குறைக்கும் பொருள், சிலேன் என்ற சிலிக்கன் சேர்மம் ஆகியவை அதில் உண்டு. சிலேனின் ஒரு முனை கண்ணாடியையும் மறுமுனை பிளாஸ்டிக்கையும் பற்றிக்கொள்ளும்.

காரின் ரேடியேட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது கண்ணாடி இழை கலந்த நைலான் 66 என்ற பிளாஸ்டிக். என்ஜின் சூட்டில் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. அது இளக 800 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். நைலான் வெளிப்புறத்திலிருந்து மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும். இடையில் இருக்கும் பூச்சோ இரண்டு பக்கமும் அடிவாங்குகிறது. வெப்பம் தாங்காத படலப்பொருள் மஞ்சளித்துச் சிதைகிறது. கிளைகால் என்ற உறைதடுப்புத் திரவம் கலந்த சுடுநீர் உள்ளே ஊறிச் சிலேன் பிணைப்பை அறுக்கிறது. பிறகு பளு இழைக்குச் சரியாகப் போய்ச் சேராது. உடைந்த பரப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், பிடிப்பிழந்த இழைகள் மழுமழுவென்று உருவிக்கொண்டு நிற்கும்; பிடிப்பு குன்றாதவற்றில் பிளாஸ்டிக் துணுக்குகள் ஒட்டியிருக்கும். கண்ணாடியும் நைலானும் ஒன்றாகவே இருந்தாலும் பூச்சு மாறினால் பொருளின் ஆயுள் மாறுவது இதனால்தான்.

இதற்குக் ‘கஞ்சி’ என்ற நெசவுச் சொல் பொருந்துமா? ஓரிடத்தில் அப்படியே பொருந்தும். மின்சுற்றுப் பலகைக்கான கண்ணாடித் துணியை நெய்ய, இழைக்கு மாவுச்சத்தும் எண்ணெயும் கலந்துதான் பூசுகிறார்கள். நெய்த பின் அதை உலையில் எரித்து நீக்கிவிட்டு, சிலேனைத் தனியே பூசுகிறார்கள். இந்த இரண்டாம் பூச்சுக்கு ‘ஃபினிஷ்’ என்று பெயர். நைலானுக்குப் போகும் இழையிலோ இந்த மாவுக்கஞ்சிக்கு வேலை இல்லை. ‘பசை’ என்றால் ஒட்டும் வேலை மட்டுமே நினைவுக்கு வரும். எனவே பொதுச்சொல்லாக ‘இழைப்பூச்சு’, ஃபினிஷுக்குப் ‘பின்பூச்சு’, சிலேன் போன்றவற்றுக்குப் ‘பிணைப்பி’ என்று வைத்துக்கொள்ளலாம்.