இரண்டாம் சுற்றுக் காய்ச்சல்

சதுரங்கப் போட்டிகளில் இரண்டாம் சுற்று முடிந்த கையோடு காய்ச்சல் பரவும். நடுவர் மேசையில் பல வருடங்கள் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். இரண்டு ஆட்டங்களையும் வென்ற பிள்ளைக்கு இந்தக் காய்ச்சல் வந்து நான் பார்த்ததில்லை.

மட்டக்களப்பில் நடந்த ஒரு போட்டியில் ஒரு தகப்பன் வந்தார். “சேர், மகனுக்கு உடம்பு சரியில்லை. பெயரை எடுத்துவிடுங்கள்” என்றார். மகன் வாசலில் நின்று ஐஸ்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தகப்பன் குரலைத் தாழ்த்தினார்: “இப்போது விலகினால் ரேட்டிங் இறங்காதுதானே?”

இறங்கும். ரேட்டிங் என்பது ஆட்டத் திறனைக் காட்டும் எண்; வென்றால் ஏறும், தோற்றால் இறங்கும். உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் விதிப்படி, இருவரும் ஆளுக்கு ஒரு நகர்த்தலாவது செய்துவிட்ட ஆட்டம் கணக்கில் சேரும். ஆடாத ஆட்டங்கள் மட்டுமே சேராது. விலகுவதால் நடந்து முடிந்த தோல்விகள் அழியப்போவதில்லை.

அவருக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். பையனின் ரேட்டிங் 1560. தோற்றது 1500 உள்ளவரிடமும் 1480 உள்ளவரிடமும். 18 வயதுக்குக் குறைந்த, 2300ஐ எட்டாத பிள்ளைகளுக்குக் கணக்கின் பெருக்கி 40. எதிர்பார்த்த முடிவுக்கும் கிடைத்த முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தை அதால் பெருக்குவார்கள். ஆகவே முதல் தோல்விக்கு 23.2, இரண்டாவதற்கு 24.4, மொத்தம் 47.6 புள்ளிகள் போய்விட்டன. வீட்டுக்குப் போனாலும் போனதுதான். இருந்து ஆடினால்? 1500 ரேட்டிங் உள்ள ஒருவரை வென்றால் 16.8 கிடைக்கும். அப்படி மூன்று வெற்றிகள் என்றால் 50.4. இழந்தது முழுவதும் திரும்பி, மேலே கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இன்னும் தோற்றால் இன்னும் இறங்கும் என்பதும் உண்மைதான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எதிரில் வருபவர் ரேட்டிங் இல்லாதவராக இருந்தால் தோற்றாலும் ரேட்டிங் குறையாது. சோடி சேர்க்கும் சுவிஸ் முறையில், போட்டியில் ஒரே அளவு வெற்றிப் புள்ளி எடுத்தவர்களைத்தான் கூடியவரை மோதவிடுவார்கள். பூச்சியத்தில் நிற்கும் பிள்ளைக்கு அடுத்து வருபவரும் பெரும்பாலும் பூச்சியத்தில் நிற்பவராகத்தான் இருப்பார்.

கனடாவில் என் மைத்துனர் டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறார். தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் விழுத்தும் விளையாட்டு. அங்கே ஆடி முடித்த சுற்றுகளுக்கு மட்டுமே ரேட்டிங் உண்டு. பாதியில் விட்ட சுற்றுக்கு இல்லை. அதனால் தட்டு புதருக்குள் போகத் தொடங்கியதும் சிலருக்கு முழங்கால் வலிக்குமாம். சதுரங்கத்தில் அந்த வசதியும் கிடையாது. பாதியில் எழுந்து போனாலும் அது தோல்விதான்.

உண்மையாகவே நோய் என்றால் தாராளமாக விலகுங்கள். பிள்ளையைக் கசக்கி ஆடவைக்கச் சொல்லவில்லை. அடுத்த சுற்றின் சோடிகளைப் போடுவதற்கு முன் நடுவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அது போதும். சொல்லாமல் போவதுதான் எனக்கு ஆத்திரம். ஒருமுறை பொத்துவிலில் இருந்து முதல் பஸ்ஸில் வந்த சிறுமி ஒருத்தி வெறும் கதிரைக்கு முன்னால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒரு புள்ளி கிடைத்தது. ஆட்டமும் இல்லை, ரேட்டிங்கும் இல்லை. விலகியவரிடம் முன்பு ஆடியவர்களுக்கும் பாதிப்பு உண்டு. ஒரே புள்ளியில் முடித்தவர்களில் யார் முன்னால் என்று பிரிக்கும்போது, அவரவரின் எதிராளிகள் எடுத்த புள்ளிகளையும் கூட்டிப் பார்ப்பார்கள். விலகியவர் மேற்கொண்டு எதுவும் எடுக்கப்போவதில்லை. விதிகள் இதை ஓரளவுதான் ஈடுசெய்கின்றன.

தகப்பன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “பெயரை எடுத்துவிட்டீர்களா சேர்?”

“இன்னும் இல்லை.”

அவர் வாசலைப் பார்த்துக் கையசைத்தார். பையன் ஐஸ்பழக் குச்சியை எறிந்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்தபடி, தன் மேசை இலக்கம் எது என்று கேட்டுக்கொண்டு வந்தான்.