புது டிஸ்க் வந்துவிட்டதா? பெட்டியில் கை வைக்கும் முன்...

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். சர்வரில் ஒரு டிஸ்க் போய்விட்டது. மாற்று டிஸ்க் கூரியரில் வந்து மேசை மேல் இருந்தது. நான் கோவையில் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஐடி பார்த்துக்கொள்ளும் பையனிடம் போனில் சொன்னேன்: "ஸ்லாட் மூணு. ஆம்பர் லைட் எரியும் பாரு. அதை எடுத்துட்டுப் புதுசைப் போடு." பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டான்.

"அண்ணா, மூணாவது டிஸ்க்க எடுத்துட்டேனுங்ணா. இப்ப எல்லா சிஸ்டமும் நின்னுருச்சுங்ணா."

இடப்பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவதை உருவியிருக்கிறான். அந்த சர்வர் பெட்டியில் ஸ்லாட் எண் 0-வில் தொடங்கும். ஸ்லாட் 3 என்றால் நாலாவது. தப்பு அவனுடையது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வெறுமனே 'மூணு' என்று சொன்னவன் நான்தான். சரி, ஆம்பர் லைட்டைக்கூடவா பார்க்கவில்லை என்று கேட்டால், நான்கு டிரேயின் (டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சட்டம்) முகப்பிலும் பஞ்சு அப்பிக் கிடந்தது. பச்சையும் ஆம்பரும் (மஞ்சள் கலந்த ஆரஞ்சு) ஒரே மாதிரி மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

நான்கு டிஸ்க் போட்ட ரெய்டு 5 அது. அதாவது, டேட்டாவையும் அதை மீட்க உதவும் கணக்கையும் எல்லா டிஸ்க்கிலும் பிரித்து எழுதும் அமைப்பு. ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டாவது போனால் மொத்தமும் படுத்துவிடும். இங்கே இரண்டாவது டிஸ்க் போகவில்லை, நாங்கள் உருவிவிட்டோம். ராத்திரி போய்ச் சேர்ந்து, உருவிய டிஸ்க்கை அதே ஸ்லாட்டில் செருகினேன். ரெய்டை நடத்தும் கன்ட்ரோலர் அதை 'ஃபாரின்' என்று காட்டியது. அதாவது, இது வேறெங்கிருந்தோ வந்த டிஸ்க், இதில் ஏற்கெனவே ஒரு ரெய்டு அமைப்பு எழுதியிருக்கிறது என்று அர்த்தம். இந்த இடத்தில் 'இம்போர்ட்' கொடுக்க வேண்டும். பயத்தில் 'கிளியர்' அமுக்கிவிட்டால் கதை முடிந்தது. இம்போர்ட் கொடுத்து எழுப்பினோம். சர்வர் எழுந்தது, ஆனால் கணக்கு டேட்டாபேஸ் பாதி எழுதும்போது அறுந்திருந்தது. வெள்ளிக்கிழமை இரவு பேக்கப்பைப் போட்டுவிட்டு, சனிக்கிழமை முழுக்கப் போன சரக்கின் பில்களை இரண்டு பேர் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து திரும்ப ஏற்றினார்கள்.

டிஸ்க்கைச் செருகுவது இரண்டு நிமிஷ வேலை. அதற்கு முன்னால் பெட்டியைத் தயார் செய்வதுதான் வேலையே. நான் பார்த்த வரையில், டிஸ்க் செத்துப் போன டேட்டாவைவிட மாற்றப் போன கையால் போன டேட்டா அதிகம்.

முதலில் பேக்கப். 'ரெய்டுதான் இருக்கே, பேக்கப் எதுக்கு' என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கடைசி பேக்கப் எந்தத் தேதி என்று மட்டும் கேட்பேன். தேதி சொன்னால், அதிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை வெளியே எடுத்துத் திறந்து காட்டச் சொல்வேன். திறக்க முடியாத பேக்கப்பை இதுவரை மூன்று இடத்தில் பார்த்துவிட்டேன்.

அடுத்து, கன்ட்ரோலரின் மென்பொருளைத் திறந்து இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஹாட் ஸ்பேர் (முன்கூட்டியே மாட்டி வைத்த உபரி டிஸ்க்) வைத்திருக்கும் பெட்டி என்றால், டிஸ்க் போன உடனேயே ஸ்பேரில் ரீபில்ட், அதாவது போன டிஸ்க்கின் டேட்டாவைத் திரும்ப நிரப்பும் வேலை, தொடங்கியிருக்கும். அது ஓடும்போது பெட்டியில் எதையும் தொட வேண்டாம். முடியட்டும். செத்த டிஸ்க் எங்கும் ஓடிவிடாது.

ஸ்பேர் இல்லையென்றால், மீதியிருக்கும் டிஸ்க்குகளின் உடல்நிலையைப் பாருங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். புது டிஸ்க்கை நிரப்ப வேண்டுமானால் மற்ற எல்லா டிஸ்க்கையும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். வருஷக்கணக்கில் யாரும் தொடாத ஏதோ ஒரு மூலையில் படிக்க முடியாத செக்டர் (டிஸ்க்கில் டேட்டா எழுதும் சிறு துண்டு) இருந்தால் அது இப்போதுதான் தலைகாட்டும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளின் விவரக்குறிப்பில், 10-இன் 14-ஆம் அடுக்கு பிட் படித்தால் அதிகபட்சம் ஒரு பிழை வரலாம் என்று போட்டிருப்பார்கள். டெராபைட்டில் சொன்னால் 12.5. நான்கு 4 டெராபைட் டிஸ்க் போட்ட ரெய்டு 5-இல் ஒன்று போனால், ரீபில்டுக்கு மீதி மூன்றையும் சேர்த்து 12 டெராபைட் படிக்க வேண்டும். அந்த எண்ணிக்கையில் டிஸ்க்குகள் அப்படியே தவறுவதில்லை, நடைமுறையில் அதைவிட நன்றாகத்தான் ஓடுகின்றன. இருந்தாலும் கணக்கைப் பார்த்த பிறகு ரெய்டு 5-இல் பெரிய டிஸ்க் போட எனக்குக் கை வருவதில்லை. இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 போடுகிறேன். எதுவானாலும், மாதம் ஒருமுறை டிஸ்க்குகளை முழுதாகப் படித்துப் பார்க்கும் வேலையை கன்ட்ரோலரில் போட்டு வையுங்கள். பல கன்ட்ரோலர்களில் அது 'பேட்ரோல் ரீட்' என்ற பெயரில் இருக்கும்.

இனி, எந்த டிஸ்க் என்பது. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் ஸ்லாட் எண்ணை மட்டும் நம்புவதில்லை. மென்பொருளில் தெரியும் சீரியல் நம்பரை ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். பிறகு 'லொகேட்' கட்டளை கொடுத்தால் அந்த டிரேயின் லைட் மின்னும். சுத்தமாகச் செத்த டிஸ்க்காக இருந்து லைட் மின்னவில்லையா? மற்றவற்றை ஒவ்வொன்றாக மின்ன வையுங்கள். எது மின்னவில்லையோ அதுதான் ஆள். லினக்ஸ் இயங்குதளத்தில் டிஸ்க்குகளுக்குத் தெரியும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களை வைத்து முடிவெடுக்கவே கூடாது. அடுத்த ரீபூட்டில் அவை இடம் மாறிவிடலாம். டிஸ்க் வெளியே வந்ததும் லேபிளில் உள்ள சீரியல் நம்பரைத் தாளோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. அதைவிட நல்லது, புதிதாக மாட்டும்போதே டிரேயின் முகப்பில் சீரியலின் கடைசி நான்கு எழுத்தைச் சின்ன ஸ்டிக்கரில் ஒட்டிவிடுவது. வெளியே எடுக்காமலே தெரியும். காற்றுத் துளையை மறைக்காமல் ஒட்டுங்கள்.

முன்பக்கம் கைப்பிடியும் லைட்டும் வைத்த டிரே என்றால் பெரும்பாலும் ஓடும்போதே மாற்றலாம். விலை குறைந்த சர்வர்கள் சிலவற்றில் டிஸ்க் உள்ளே கேபிளில் தொங்கும். அதை சர்வரை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

புது டிஸ்க்கைப் பற்றிக் கொஞ்சம். பழையதன் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 'அதே 4 டெராபைட்தான்' என்று வாங்கி, சில செக்டர் குறைவாக இருந்ததால் கன்ட்ரோலர் திருப்பி அனுப்பிய கதை உண்டு. டிஸ்க் இணைப்பில் சாட்டா, சாஸ் என்று வகைகள் உண்டு. சாட்டா டிஸ்க்கை சாஸ் பேக்பிளேனில் (டிஸ்க்குகள் பின்னால் போய்ச் செருகும் பலகை) போடலாம். சாஸ் டிஸ்க்கை சாட்டா இணைப்பில் போட முடியாது. டேட்டா பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவே உள்ள இடைவெளி சாஸில் மூடியிருக்கும், உள்ளே இறங்காது. இறங்கவில்லை என்றால் அழுத்தாதீர்கள், அது உங்களுக்கு ஏதோ சொல்கிறது. செகண்ட் ஹேண்டில் பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றிய டிஸ்க்குகளில் செக்டர் 512 பைட்டுக்குப் பதில் 520 பைட்டாக இருப்பதுண்டு. மாட்டினால் டிஸ்க் தெரியும், உபயோகிக்க முடியாது. இவற்றை மறுபடி ஃபார்மேட் செய்ய மணிக்கணக்கில் ஆகும். ரெய்டு பாதியில் நொண்டும்போது அல்ல, அதற்கு முந்தின நாளே இதைச் செய்து முடித்திருக்க வேண்டும். பழைய டிஸ்க்காக இருந்தால், அதில் இருக்கும் பழைய ரெய்டு தடத்தையும் வேறொரு கணினியில் மாட்டி அழித்துவிட்டு வாருங்கள். மேலே சொன்ன 'ஃபாரின்' குழப்பம் நெருக்கடி நேரத்தில் வேண்டாம்.

ஃபர்ம்வேரை, அதாவது டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை, பார்க்கச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனம் தன் சாஸ் எஸ்எஸ்டிகளில் (சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் எழுதும் டிஸ்க்) சில மாடல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காவிட்டால், 32,768 மணி நேரம் ஓடியதும் டிஸ்க் செத்துவிடும், டேட்டாவும் திரும்ப வராது. 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. மணிக்கணக்கை எண்ணும் இடத்தில் நடந்த பிசகு என்பது எண்ணைப் பார்த்தாலே தெரியும். 2020 மார்ச்சில் இன்னொரு எச்சரிக்கை, அந்தத் தடவை 40,000 மணி நேரம். இதில் கொடுமை என்னவென்றால், ஒரே நாளில் மாட்டிய டிஸ்க்குகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் போகும். எத்தனை டிஸ்க் ரெய்டு போட்டிருந்தாலும் அது காப்பாற்றாது. அதனால் டிஸ்க் மாற்றும் நாளில், பழைய டிஸ்க்குகள் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கின்றன, ஃபர்ம்வேர் எண் என்ன என்று பார்த்து, உற்பத்தியாளரின் தளத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள். ஐந்து நிமிஷம்.

சரி, இப்போது பெட்டிக்கு வருவோம். எங்கள் பக்கம் முதல் எதிரி பஞ்சு. நூல் மில்லோ பின்னலாடைக் கம்பெனியோ, சர்வர் ரூம் எவ்வளவு மூடியிருந்தாலும் ஆட்களின் சட்டையோடு பஞ்சு உள்ளே வந்துவிடும். காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் போவதால் டிரேயின் முகப்பில்தான் முதலில் படியும். இதைச் சுத்தம் செய்ய ஓடும் சர்வரின் முன்னால் ப்ளோயரைப் பிடிக்கிறார்கள். பஞ்சு அத்தனையும் உள்ளே போய் பேக்பிளேனில் உட்காரும். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தளர்த்தி, வேக்வம் கிளீனரின் குழாயைப் பக்கத்தில் பிடித்து வெளிப்பக்கம் இழுங்கள். டிரேயை உருவுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். உருவிய ஓட்டை திறந்திருக்கும்போது தூசி தட்டுவது விபரீதம்.

ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் போனால் இன்னொரு விசேஷம் காத்திருக்கும். டிரேக்கு டிரே சந்தனம், குங்குமம். ஒருமுறை ஸ்லாட் எண் அச்சடித்த இடத்திலேயே கட்டியாகச் சந்தனம் காய்ந்திருந்தது. பூஜையை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பொட்டை ரேக்கின் கதவில் வையுங்கள், சாம்பிராணியை ரூமுக்கு வெளியே காட்டுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கேட்கிறார்கள்.

டிரே வேறு விஷயம். சர்வர் வாங்கும்போது காலி ஸ்லாட்டுகளில் இருப்பது டம்மி, வெறும் பிளாஸ்டிக். டிஸ்க்கை மட்டும் வாங்கிவிட்டு, டிரே தனியாக வாங்க வேண்டும் என்பது ராத்திரி எட்டு மணிக்குத் தெரிந்தவர்கள் ஏராளம். ஒரே கம்பெனியின் டிரேகூடத் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஸ்க்ரூவும் அப்படித்தான்: 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 6-32 என்ற அளவு, 2.5 இன்ச்சுக்கு எம்3 என்ற அளவு. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். மாற்றிப் போட்டால் ஒன்று ஆடும், இல்லை மரை கிழியும். தலை தட்டையான ஸ்க்ரூவாகவும் இருக்க வேண்டும். தலை துருத்தினால் டிரே பக்கத்து டிரேயோடு உரசிக்கொண்டு பாதியில் நிற்கும். அதைக் கட்டைவிரலால் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

அந்த டம்மியையும் எறிந்துவிடாதீர்கள். அது அழகுக்கு வைத்தது அல்ல. ஸ்லாட் திறந்து கிடந்தால் காற்று சுலபமான வழியாக அந்த ஓட்டையில் ஓடிவிடும். டிஸ்க்குகளுக்கு நடுவே இழுபட்டுப் போக வேண்டிய காற்று குறைந்து, பக்கத்தில் இருப்பவை சூடாகும். ஃபேன் ஊளையிடும். ஈரோட்டில் ஓர் ஆபீசில் தொலைந்த டம்மியைத் தேடினேன். சர்வர் ரூம் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் செருகி வைத்திருந்தார்கள்.

எடுக்கும்போது: செத்தது உறுதியானால் சரி. 'சீக்கிரம் போகப் போகிறது' என்ற எச்சரிக்கை மட்டும் என்றால், முதலில் மென்பொருளில் அதை ஆஃப்லைன் ஆக்குங்கள். கையில் நிலைமின்சாரத்தை வடிக்கும் ஸ்ட்ராப் கட்டி மறுமுனையை ரேக்கின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். நம் விரலில் சுருக்கென்று படும் நிலைமின்சாரம் ஏறக்குறைய 3,000 வோல்ட். சில்லுக்குச் சில நூறே போதும், நமக்குத் தெரியவே தெரியாது. கைப்பிடியைத் திறந்து ஒரு இன்ச் மட்டும் இழுத்து, அரை நிமிஷம் விடுங்கள். உள்ளே தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். சுழலும் பம்பரத்தைச் சாய்ப்பது போல, கையில் ஒரு திருகல் தெரியும். அது நின்ற பிறகு எடுங்கள். புதியதைச் செருகும்போது கைப்பிடி திறந்த நிலையில் உள்ளே தள்ளி, அது தானாக மடங்கத் தொடங்கும் இடத்தில் மூடுங்கள். கடைசிப் பொருத்தத்தைச் செய்ய வேண்டியது கைப்பிடி, உள்ளங்கை அல்ல.

லைட் பச்சையானதும் வீட்டுக்குக் கிளம்பிவிட முடியாது. ரீபில்ட் ஓடுகிறதா என்று மென்பொருளில் பாருங்கள். சில அமைப்புகளில் தானாகத் தொடங்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். 4 டெராபைட் டிஸ்க் வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலே ஏழரை மணி நேரம். 16 டெராபைட் 200 மெகாபைட்டில் 22 மணி நேரம். இது யாரும் சர்வரைத் தொடாதபோது. வேலை நேரத்தில் இன்னும் இழுக்கும். அதனால் யுபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்கும் என்பதையும் அன்றைக்கு ஒருதரம் கேட்டுக்கொள்வேன்.

ரீபில்ட் முடிகிறவரை பழைய டிஸ்க்கைத் தூக்கி எறியாதீர்கள். செத்ததாகச் சொன்னாலும் பாதிக்கு மேல் படிக்க முடிகிற டிஸ்க்குகள் உண்டு. ரீபில்டின் நடுவே இன்னொன்று போனால் அந்தப் பாதிதான் கடைசி வழி. நான் தேதி, ஸ்லாட் எண், சீரியல் மூன்றையும் மார்க்கரால் அதன் மேலேயே எழுதி, ஆன்டி ஸ்டாட்டிக் கவரில் போட்டு அவர்கள் பீரோவிலேயே வைக்கச் சொல்கிறேன். ஸ்லாட் எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'இடமிருந்து 4' என்றும் இருக்கும்.