நேரமுத்திரையா, நேரக்குறியா?

குளச்சல் நண்பர் ஒருவரின் வீட்டுக் கல்யாணப் படங்களை என் லினக்ஸ் கணினி வழியாக வேறொரு வட்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே போன். “மக்கா, எல்லாப் படத்துக்கும் நேத்தைக்குள்ள தேதியில்லா காட்டுது?” கோப்புகளை நகலெடுக்கும் ‘சிபி’ கட்டளையோடு, பழைய தேதியை அப்படியே காக்கும் ‘பி’ விருப்பத்தைச் சேர்க்க மறந்தது என் பிழை. கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைத்திருந்த நாளைப் படித்து, கோப்பின் தேதியை மாற்றும் ‘டச்’ கட்டளையால் பழைய தேதிகளைத் திரும்ப வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த நண்பர் கேட்டார்: “தேதிய நீயே மாத்தலாம்னா அதுக்கு என்னடே மதிப்பு?”

நியாயமான கேள்வி. அதற்கான பதில், கோப்போடு கணினி குறித்து வைக்கும் தேதி-நேரத்தைச் சொல்லும் ‘டைம்ஸ்டாம்ப்’ என்ற சொல்லிலேயே சிக்கிக் கிடக்கிறது. தமிழில் இதை ‘நேரமுத்திரை’ என்று எழுதி வருகிறோம். ஆங்கில ‘ஸ்டாம்ப்’ முதலில் உரலில் இடிப்பதைக் குறித்தது. அச்சுப் பதிப்பது பின்னால் வந்த பொருள். நமக்கும் அதே வழிதான்: நெல்லும் குத்துகிறோம், சீலும் குத்துகிறோம். ‘முத்திரை’ வடசொல். அதற்கு முன்பே நம்மிடம் ‘பொறி’ இருந்தது. புகார்த் துறைமுகத்தில் சுங்கம் முடிந்த பொதிகளில் புலிச்சின்னம் இட்டதைப் பட்டினப்பாலை ‘புலி பொறித்து’ என்கிறது. ஆனால் ‘நேரப்பொறி’ என்று எழுதினால் ஏதோ காலப்பயண இயந்திரம் என்று படிப்பார்கள். விட்டுவிடலாம்.

பொறியோ முத்திரையோ, அதிகாரம் உள்ளவர் இடுவது. சரக்குக்காரர் தன் கையால் குத்திக்கொள்வதில்லை. கோப்பின் நேரம் அப்படியா?

லினக்ஸ் போன்ற யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகள் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நேரங்களை வைத்திருக்கின்றன. கடைசியாகப் படித்தது ‘ஏடைம்’, உள்ளடக்கம் மாறியது ‘எம்டைம்’, கோப்பைப் பற்றிய விவரங்கள் (உரிமையாளர், அனுமதி முதலியன) மாறியது ‘சிடைம்’. இந்த ‘சி’யைக் ‘கிரியேஷன்’, அதாவது படைத்த நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு, அது ‘சேஞ்ச்’.

முதல் இரண்டையும் நாமே வைக்கலாம். அதற்கென்றே இயக்குதளத்தில் ‘அழைப்புகள்’ (நிரல்கள் இயக்குதளத்திடம் வேலை கேட்கும் வழிகள்) உண்டு. பழைய ‘யூடைம்’ நொடிக் கணக்கில் வாங்கும். பின்வந்த ‘யூடைம்ஸ்’ மைக்ரோநொடி வரை. இன்றைய ‘யூடைமென்ஸ்அட்’ நானோநொடி வரை. கடைசியானதில் ஒரு நல்ல வசதி: ஒரு நேரத்தை மட்டும் மாற்றி, மற்றதைத் தொடாதே என்று சொல்ல முடியும். நான் மறந்த அந்த ‘பி’யும் உள்ளே இத்தகைய அழைப்பைத்தான் செய்கிறது. ‘இப்போது’ என்று குறிக்கக் கோப்பில் எழுதும் அனுமதி போதும். விரும்பிய பழைய தேதியை வைக்கவோ, கோப்பின் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ இருக்க வேண்டும்.

சிடைமை வைக்க இந்த அழைப்புகளில் இடமே இல்லை. எம்டைமுக்குப் பழைய தேதி வைத்த அந்தக் கணமே சிடைம் ‘இப்போது’ ஆகிவிடும்.

எங்கள் குமரி மாவட்டத்தில் பத்திரத்தைப் பிரமாணம் என்பார்கள். அதில் எழுதிக் கொடுத்த தேதி ஒன்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான தேதி ஒன்று. எழுதி நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்கலாம் என்பதால் இரண்டும் வேறாக இருப்பது சகஜம். முன்னது எழுதியவர் சொல்வது, பின்னது அலுவலகம் குத்துவது. எம்டைமும் சிடைமும் அப்படித்தான். (கணினியின் கடிகாரத்தையே பின்னுக்குத் திருப்பினால் சிடைமையும் ஏமாற்றலாம். அது தேதி சீலின் உருளையையே திருகுவதற்குச் சமம்.)

பழைய பிரமாணத்தை எடுத்தால் இன்னொரு சங்கதியும் தட்டுப்படும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள். தேதி, கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் 1098 என்றால் 1922-23. எங்கிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. கோப்பின் நேரமும் வெறும் எண்தான்: யுனிக்ஸில் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகள். வட்டில் கோப்புகளை அடுக்கும் விண்டோஸின் முறையான என்டிஎஃப்எஸ் 1601-லிருந்து எண்ணுகிறது. பென்டிரைவ்களில் காணும் பழைய ஃபேட் முறை 1980-லிருந்து. அதில் எம்டைம் இரண்டிரண்டு நொடியாகத்தான் நகரும். இந்தத் தொடக்கப் புள்ளியான ‘எபோக்’கைச் ‘சகாப்தம்’ என்கிறார்கள். சக + அப்தம், அதாவது சக ஆண்டு! வேறொரு ஆண்டுமுறையின் பெயரைப் போய் இதற்கு வைப்பானேன்? நம் கல்வெட்டுகள் ‘கொல்லம் தோன்றி’ இத்தனையாவது ஆண்டு என்கின்றன. ‘தோன்றுநாள்’ எனக்குப் போதும்.

ஆகவே என் தேர்வு: பொதுச்சொல்லாக நேரக்குறி. குறியை யாரும் இடலாம், அழித்தும் இடலாம். ஏடைம் அணுகுநேரம், எம்டைம் திருத்தநேரம். எம்டைம், சிடைம் இரண்டையும் ‘மாற்றிய நேரம்’ என்றே மொழிபெயர்த்துக் குழப்புகிறோம். சிடைமைப் பதிவுநேரம் என்று பிரித்துவிடலாம். முத்திரை என்ற சொல்லைக் கைவிட மனமில்லாதவர்கள் அதை இந்தப் பதிவுநேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

குளச்சல் நண்பரின் படங்களில் இப்போது திருத்தநேரம் கல்யாண நாளைக் காட்டுகிறது. பதிவுநேரத்தில் நான் ‘டச்’ ஓட்டிய காலைப்பொழுது அப்படியே இருக்கிறது.