வறக்கோப்பி: வல்லின ‘ற’ போட்டு எழுத வேண்டிய சொல்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பந்திங்கில் நான் வழக்கமாகப் பசியாறும் ஒட்டுக்கடை, அதாவது சாலையோரச் சிறு கடை, ஒன்று இருக்கிறது. போய் உட்கார்ந்ததும் கடைக்கார அக்கா கேட்கும் முதல் கேள்வி, “என்ன தண்ணி?” சேலத்திலிருந்து வந்திருந்த என் உறவுக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “சும்மா பச்சைத் தண்ணியே போதும்மா” என்றார். மலேசியத் தமிழில் குடிக்கிற எதுவும் தண்ணிதான். டீ தண்ணி, மைலோ தண்ணி, காப்பித் தண்ணி. அதைக் கலக்குவோம், போட மாட்டோம். “தண்ணி கலக்கவா?” என்று கேட்டால் ஏதோ சூடாக வரப்போகிறது என்று பொருள்.

“வறக்கோப்பி ஒண்ணுக்கா, சீனி கம்மி” என்றேன். பக்கத்து மேசையில் இருந்த சீனப் பெரியவர் “கோப்பி ஓ” என்றார். அக்கா இரண்டு கோலேயிலும் (குவளையிலும்) ஒரே காப்பியைத்தான் ஊற்றினார். உறவுக்காரர் என்னைப் பார்த்து, “எங்க ஊர்லயும் இதை வரக்காப்பின்னுதான் சொல்வோம்” என்று வியந்தார். அப்புறம் கடைப் பலகையைக் காட்டினார். அதில் சாக்கட்டியில் ‘வரக்கோப்பி’ என்று இடையின ‘ர’ போட்டு எழுதியிருந்தது. “இப்படித்தான் எழுதணுமா?” என்று கேட்டார். இந்த விளக்கம் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலின் நீட்சி.

பால் சேர்க்காத காப்பிக்கு வறக்கோப்பி என்று பெயர். சீனி இருக்கும். வேண்டாம் என்று சொல்லாவிட்டால் கடையில் கேட்காமலே போட்டுவிடுவார்கள்.

சொல்லின் முதல் பாதி ‘வற’. வறத்தல் என்றால் காய்தல், நீர் வற்றிப் போதல். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் ‘வானம் வறக்குமேல்’ என்று வருகிறதே, அதே வறத்தல்தான். மழையில்லாத காலத்துக்கு வறம் என்று பெயர். வறட்சி, வறண்ட தொண்டை, காய்ந்த சாணத்தால் ஆன வறட்டி எல்லாம் இந்தக் குடும்பம். கையில் காசு வற்றிப்போனால் வறுமை. ஆக நெருக்கமான உறவு ஒன்றும் இருக்கிறது: பால் தராத மாட்டுக்கு வறட்டுப்பசு என்பார்கள். பாலில்லாத மாடு வறட்டுப்பசு என்றால் பாலில்லாத காப்பி வறக்கோப்பி. இதைவிடத் தெளிவான சான்று எனக்கு வேண்டியதில்லை.

சேலம், கொங்கு வட்டாரத்தில் காய்ந்த மிளகாயை வரமிளகாய் என்கிறார்கள். அதையும் பலர் இடையின ‘ர’ போட்டே எழுதுகிறார்கள். வறட்டிக்கும் அதே கதி, வரட்டியாகிவிட்டது. பேச்சில் இரண்டு ரகரமும் ஒன்றாகக் கலந்துவிட்டதால் காதை நம்பி எழுதுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். ஆனால் ‘வர’ என்று எழுதினால் அது வருதலோடு போய் ஒட்டிக்கொள்கிறது. வருகிற காப்பி என்றா சொல்ல வருகிறோம்? ஓர் எழுத்து மாறினால் சொல் தன் சொந்தபந்தத்தை இழந்து நடுத்தெருவில் நிற்கிறது. அதனால்தான் வல்லின ‘ற’ மீது எனக்கு இத்தனை பிடிவாதம்.

வேறொரு விளக்கமும் காதில் விழுந்திருக்கிறது. வறுத்த கொட்டையில் செய்வதால் வறக்கோப்பி என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் நிற்காது. பால் ஊற்றிய காப்பியும் வறுத்த கொட்டையில் செய்ததுதானே? அப்படியானால் அதையும் வறக்கோப்பி என்றல்லவா சொல்ல வேண்டும்? அதோடு, பாலில்லாத டீயையும் நம் ஆட்கள் வற டீ என்கிறார்கள். தேயிலையை யாரும் கொட்டையைப் போல வறுப்பதில்லை. பால் இல்லாமை என்ற பொருள் ஒன்றுதான் இரண்டுக்கும் பொருந்துகிறது.

இனி இரண்டாம் பாதி. அரபியில் கஹ்வா. அதற்கு முன்னே அந்தச் சொல் ஒரு வகை மதுவைக் குறித்தது என்று பழைய அரபு அகராதிக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். துருக்கியில் அது கஹ்வே ஆகி, ஐரோப்பாவுக்குப் போய், டச்சுக்காரர் வாயில் கொஃபி ஆனது. ஜாவாவில் காப்பி பயிரிட்டவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களிடமிருந்து மலாய்க்கு வந்தது கோப்பி. தமிழ்நாட்டார் காப்பி என்கிறார்கள், நாமும் இலங்கைத் தமிழரும் கோப்பி என்கிறோம். இரண்டு ஊரிலும் டச்சுக்காரர் கால் பட்டிருக்கிறது என்பதை நினைத்தால் இது புரிகிறது. எது சரி என்று சண்டை போட ஒன்றுமில்லை. எழுதும்போது நான் காப்பி என்கிறேன், கடையில் வாய் தானாகக் கோப்பி என்றுதான் சொல்கிறது. நாமும் மலாய்க்குக் கடன் கொடுத்திருக்கிறோம்: அவர்களின் கெடாய், நம் கடை. கெடாய் கோப்பி என்று பலகையில் பார்க்கும்போதெல்லாம் அதில் முதல் பாதி நம்முடையது என்று நினைத்துக்கொள்வேன்.

கோப்பி ஓ என்பதில் உள்ள ‘ஓ’ ஹொக்கியன் மொழியில் கறுப்பு. சீனருக்கு நிறம் கண்ணில் பட்டது. நமக்குப் பால் இல்லாதது பட்டது. ஏன் என்று யோசித்தால் தோட்டத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் பற்றியது. சில ஆண்டுகளில் அங்கே காப்பி அழிந்து தேயிலை வந்தது. அங்கிருந்த துரைமாரில் சிலர் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரிலும் பேராக்கிலும் லைபீரியக் காப்பியை நட்டார்கள். மலைக் குளிர் கேட்கும் அரபிக்கா வகைக் காப்பி இந்தத் தாழ்நிலத்து வெக்கையில் தேறாது. லைபீரியக் காப்பி தேறும். உயரமான மரம், பெரிய இலை, பெரிய கொட்டை. 1890-களின் பிற்பாதியில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை விழுந்தபோதுதான் துரைமார் ரப்பருக்குத் தாவினார்கள். ஆக நம் முன்னோர் பால்மரத்தைத் தொடுவதற்கு முன்பே இங்கே காப்பி நட்டிருக்கிறார்கள், பழம் பறித்திருக்கிறார்கள். அந்த மரங்கள் போய் ரப்பர் வந்து, அதுவும் போய் இப்போது பந்திங்கைச் சுற்றியும் கேரித் தீவிலும் எங்கே பார்த்தாலும் பாமாயில் தரும் செம்பனைதான். ஆனால் பந்திங் இருக்கும் கோல லங்காட் மாவட்டத்துக் கம்பங்களில் (மலாய்க் கிராமங்களில்) வீட்டுக்குப் பின்னால் லைபீரியக் காப்பி இன்னும் நிற்கிறது. ஜொகூரிலும் அப்படியே.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறுவதற்கு முன்னால் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். அதனால் லயத்து வீட்டில் அடுப்பு விடியற்காலை நான்கரைக்கே எரியும். எனாமல் பூசிய ஒரு பெரிய கோலே, விளிம்பில் பூச்சு உதிர்ந்து கறுத்த வட்டம். அதில் இரண்டு கரண்டி தூள், மேலே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், ஒரு கரண்டி சீனி. மூடி வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகுவார், தலைத்துண்டைக் கட்டுவார். அதற்குள் மண்டி அடியில் இறங்கிவிடும். ரொட்டியை நனைத்துத் தின்றபடி மேலாகக் குடித்துவிட்டு, கடைசி இரண்டு விரல் அளவை அப்படியே விட்டுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஓடுவார். விடிந்ததும் அந்த மண்டியை வாசல் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவது என் வேலை. நாள் முழுக்க வாளி வாளியாகப் பால் சுமந்தவரின் காப்பியில் பால் இருந்ததில்லை. மாடு வளர்த்த வீடுகள் இருந்தன, ஆனால் அந்தப் பால் விற்பதற்கு. டின்பால் சம்பளம் போட்ட வாரத்தில் வரும், அதுவும் குழந்தைகளுக்கு. வறக்கோப்பியும் வறுமையும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்று பிறகு படித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது.

இன்றைக்கு வறக்கோப்பி குடிப்பதற்கு வறுமை மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் காசுக் கணக்கு இன்னும் உண்டு. பெரும்பாலான கடைகளில் பால் காப்பியைவிட இது சில காசு குறைவு. 2013 அக்டோபரில் சீனிக்கான உதவித்தொகையை அரசாங்கம் எடுத்தது. 2024-இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் மழை பொய்த்து உலகக் காப்பி விலை ஏறியது. எங்கோ வானம் வறந்தால் நம் ஒட்டுக்கடையில் விலை ஏறுகிறது. தினமும் இரண்டு வேளை கடையில் குடிக்கிறவர் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் திடுக்கிடுவார்.

வீட்டில் கலக்குவதுதான் மலிவு. ஆனால் பொட்டலத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும். மலாயில் ‘செர்புக் கோப்பி’ என்றால் காப்பித் தூள். ‘சம்புரான்’ என்ற சொல் கூட இருந்தால் கலவை, அதாவது சோளமோ கோதுமையோ சேர்ந்து வறுபட்டிருக்கும். ஒருமுறை விலை குறைவு என்று ஒரு கடையில் ஒரு கிலோ வாங்கிவந்து, காப்பி மணமே இல்லாமல் கருகிய சோள வாசனையோடு ஒரு மாதம் குடித்தேன். சேர்மானப் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் அதிகம். த்ரீ-இன்-ஒன் பொட்டலங்கள் பலவற்றில் சீனியும் கிரீமரும் முன்னே நிற்கும், காப்பி பின்னால் வரும். காப்பிக்குக் காசு கொடுத்துச் சீனி வாங்குகிற கதை அது. பந்திங் பக்கம் சிறிய ஆலைகளில் லைபீரியக் காப்பித் தூள் கிடைக்கிறது. கிலோ விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் நல்ல தூள் என்றால் ஒரு கோலேக்கு ஒன்றரைக் கரண்டியே போதும், கலவைத் தூள் இரண்டரை கேட்கும். கொதித்த தண்ணீரை ஊற்றி நான்கு நிமிடம் மூடி வையுங்கள். துணிப் பை இல்லாவிட்டாலும் மண்டி இறங்கிவிடும்.

பால் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் டின்பால் என்று ஊற்றுகிற பலவற்றின் டின்னில் இப்போது ‘கிரிமர் மானிஸ்’ என்று போட்டிருக்கிறது. பால் திடப்பொருளோடு பாமாயிலும் சீனியும் சேர்ந்த கலவை அது.

இந்தக் காப்பிக்கு நல்ல தமிழ்ச் சொல் எது என்று கேட்டால், கொட்டைவடிநீர் என்றும் குளம்பி என்றும் ஆக்கி வைத்திருக்கிறார்கள். காப்பிக் கொட்டை குளம்பு போல இருப்பதால் குளம்பி. அழகான கற்பனை, எனக்கும் பிடிக்கும். ஆனால் கடையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வறக்கோப்பி அப்படிப்பட்டதில்லை. எந்தக் குழுவும் கூடி ஆக்கவில்லை. பேசுகிற மக்கள் தாங்களே ஆக்கிக்கொண்டது, வேர் சங்கத் தமிழோடு ஒட்டி நிற்கிறது. கோப்பி ஓ என்பதற்கு நேரான தமிழ் எது என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

தமிழ்நாட்டின் தென்பகுதியில் சொல்லும் கடுங்காப்பியை இதற்கு ஈடாக வைக்க எனக்கு மனமில்லை. கடு என்பது அழுத்தத்தைச் சொல்கிறது. அதை, கெட்டியான காப்பியைக் கேட்கக் கடையில் சொல்லும் ‘காவ்’ என்பதற்கு வைத்துக்கொள்ளலாம். தூள் தூக்கலாகப் போட்டால் கடுங்கோப்பி, பால் ஊற்றினாலும் சரி. சீனி வேண்டாம் என்பதற்குக் கடையில் சொல்லும் மலாய்ச் சொல்லான கோசோங்குக்குச் சீனி இல்லாமல் என்பதே போதும். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். இங்கே கொட்டையை வறுக்கும்போதே சீனியும் மார்ஜரினும் சேர்க்கிற வழக்கம் உண்டு. கோசோங் என்று கேட்டு வாங்கியதும் முழுக்கக் கோசோங்காக இருக்காது. ‘சீனி போட்டு வறுத்ததாக்கா?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

கோப்பி சி-க்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. அது சீனி சேர்க்காமல் சுண்டவைத்த டின்பாலில் கலக்குவது. சுண்டுபால் கோப்பி என்று அக்காவிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை, “சி-யைத்தானே சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டுக் கலக்கிக் கொண்டுவந்தார்.