பித்தளைத் தகட்டில் விடுபட்ட சொல்

கேடயங்களுக்கும் நினைவுப் பரிசுகளுக்கும் லத்தீன் வாசகம் எழுதித் தருவது என் மொழிபெயர்ப்பு வேலையில் ஒரு சின்னப் பகுதி. அமெரிக்காவில் பட்டம் வாங்கியவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பெயரை லத்தீனில் பொறித்துக் கேட்பார்கள். பெயர்தானே, ஐந்து நிமிட வேலை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன்.

பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவருக்கு 'யுனிவர்சிடாஸ் பென்சில்வேனியென்சிஸ்' என்று எழுதிக் கொடுத்தேன். இலக்கணத்தில் குறையில்லை. தகடு பொறித்து மெருகேறி வந்த பிறகு அவர் பார்த்துவிட்டு, "சார், இது பிலடெல்பியாவில இருக்கிற வேற யுனிவர்சிட்டி ஆச்சே" என்றார். உண்மைதான். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் என்ற அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் முத்திரையில் இருக்கும் பெயரே இது. இரண்டையும் பிரித்துக் காட்டும் 'ஸ்டேட்' என்ற சொல்லை நான் விழுங்கிவிட்டேன். தகட்டுக் காசு என் கையிலிருந்து போனது.

சரி, 'ஸ்டேட்'டுக்கு என்ன போடுவது? 'ஸ்டாடுஸ்' என்று கை போகும். பழைய லத்தீனில் அதற்கு நிலை, நிலைமை என்றுதான் பொருள். அரசு, குடிமக்கள் சமூகம் என்று பொருள்படும் 'கிவிடாஸ்' பொருந்தும், ஆனால் அதுவும் வழுக்கும். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் குறிக்கோளான 'டிசிப்ளினா ப்ரேசிடியும் கிவிடாடிஸ்' என்பதில் அது நாட்டைக் குறிக்கிறது: கல்வியே நாட்டுக்குக் காவல். ஒஹாயோ ஸ்டேட்டின் 'டிசிப்ளினா இன் கிவிடாடெம்' என்பதிலோ குடிமைப் பண்பு. ஒரே சொல், வேறு வேலை.

முத்திரையைப் பார்த்து அப்படியே எழுதுவதிலும் ஒரு பொறி உண்டு. இந்தியானா பல்கலைக்கழக முத்திரையில் 'இந்தியானென்சிஸ் யுனிவர்சிடாடிஸ் சிகில்லும்' என்று இருக்கும். 'சிகில்லும்' என்றால் முத்திரை. அதற்காகத்தான் 'யுனிவர்சிடாஸ்' நம் ஆறாம் வேற்றுமை போல 'யுனிவர்சிடாடிஸ்' ஆகியிருக்கிறது. முதல் இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக் கேடயத்தில் போட்டால், 'இந்தியானா பல்கலைக்கழகத்தினுடைய' என்று அந்தரத்தில் தொங்கும்.

சில மாநிலங்களுக்குப் புதிதாக எதையும் ஆக்கவே வேண்டாம். மேரிலாந்துக்கு 1632ஆம் ஆண்டு லத்தீன் சாசனத்திலேயே 'தெர்ரா மரியே' என்ற பெயர் உண்டு. நியூ ஜெர்சி 1786இல் அடித்த செப்புக் காசில் 'நோவா கேசரேயா' என்று பொறித்திருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழக முத்திரையில் 'கரோல். செப்டென்ட்.' என்று சுருக்கமாக இருக்கும். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். 'செப்டென்ட்ரியோ' என்பது வடவானின் ஏழு நட்சத்திரங்கள், நம் சப்தரிஷி மண்டலம். அதுவே வடதிசைக்கும் பெயராகிவிட்டது.

அப்புறம், இந்த லத்தீனெல்லாம் அலங்காரத்துக்கு மட்டும். விசா, வேலை விண்ணப்பங்களில் பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் சொல்லும் ஆங்கிலப் பெயரையே எழுதுங்கள்.

இப்போதெல்லாம் முத்திரையின் படத்தையும் ஊர்ப் பெயரையும் வாங்காமல் நான் பேனாவை எடுப்பதில்லை. முக்கியமாக 'மியாமி' என்று யாராவது சொன்னால். 1809இல் நிறுவப்பட்ட மியாமி பல்கலைக்கழகம் அரசுடையது, அது இருப்பது ஒஹாயோவில், ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில். புளோரிடாவில் இருப்பது வேறு, தனியார்.