மாத்திரை முடிந்தும் சொத்தை நகம் மாறவில்லையா?

“மூன்று மாதம் மாத்திரை போட்டும் நகம் அப்படியே இருக்கிறதே, டாக்டர்?” பூஞ்சைத் தொற்றுக்குச் சிகிச்சை எடுத்தவர்கள் அடிக்கடி கேட்பது இது. பல சமயம் மருந்து தன் வேலையை முடித்திருக்கும். ஆனால் கெட்ட நகம் மறுபடி நல்ல நகமாகாது. அடியிலிருந்து புது நகம் வளர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். முழுதாக மாற 12 முதல் 18 மாதம் ஆகும். கைநகத்துக்கு 6 மாதம். நுனியைப் பார்த்துக் கவலைப்படாமல், வேர்ப்பக்கம் தெளிவான நகம் வருகிறதா என்று பாருங்கள்.

அங்கும் தெளிவில்லை என்றால், நோய் பூஞ்சைதானா என்ற சந்தேகம் வரவேண்டும். மஞ்சளாகி, தடித்து, அடியில் தூள்தூளாக உதிர்வது பூஞ்சையின் அடையாளம்தான். ஆனால் சொரியாசிஸ் என்ற தோல் நோயிலும், இறுக்கமான ஷூ இடிப்பதாலும் இதே தோற்றம் வரும். உருக்குலைந்த நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சையால் வருபவை. எனவே மாத்திரைக்கு முன் நகத் துகளைச் சுரண்டி, பூஞ்சை இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்க்கும் கே.ஓ.ஹெச். பரிசோதனை செய்ய வேண்டும். நுனித் தூளை மட்டும் எடுத்தால் பூஞ்சை இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். நல்ல நகத்தை ஒட்டிய ஆழமான பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். நெயில் பாலிஷ், மருதாணி இல்லாமல் வாருங்கள். திடீரென்று ஒரே நகத்தில் கறுப்புக் கோடு தோன்றி அகலமாகிறதா? உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாக அது புற்றுநோயாக இருக்கும்.

பூஞ்சைக்கான மாத்திரை டெர்பினாஃபின் 250 மி.கி. தினம் ஒன்று: கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். தொடங்குமுன் கல்லீரல் பரிசோதனை தேவை. இன்னொரு பூஞ்சை மருந்தான இட்ராகொனசோல் இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. சில கொழுப்பு மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. நுனியில் மட்டும் தொற்று இருந்தால் அமரால்ஃபின் 5% பூச்சு போதலாம்: வாரம் ஒன்றிரண்டு முறை, அரத்தால் தேய்த்த பின், பல மாதம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும்.

விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்தால் அதையும் சேர்த்தே ஆற்றுங்கள். நகத்துக்குப் பூஞ்சை பெரும்பாலும் அங்கிருந்துதான் ஏறுகிறது. குளித்ததும் இடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். நகவெட்டி ஆளுக்கொன்று. ஒரே ஷூவைத் தினமும் போடாமல் ஒருநாள் விட்டுக் காயவிடுங்கள். சர்க்கரை நோயாளிகள் தடித்த நகத்தைத் தாங்களே வெட்ட வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெட்டுப்பட்டதே தெரியாது.